மொட்டை மாடி ரயிலுக்கு எந்தக் கேமரா?

(நம் சமூகக் கூடத்தில் நடந்த குடியிருப்போர் சந்திப்பில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் நம் வாட்ஸாப் குழு. அதில் நான் போடும் மொட்டை மாடி ரயில் படங்களைப் பார்த்துவிட்டு, "சார், இது நிஜ ரயிலா, பொம்மையா?" என்று சிலர் கேட்கிறார்கள். "என்ன கேமரா வைத்திருக்கிறீர்கள்?" என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம். ஏனென்றால் லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய கேமரா என் பீரோவில் இருக்கிறது. நீங்கள் பார்த்த படங்கள் முக்கால்வாசி என் பழைய போனில் எடுத்தவை. ஏன் அப்படி ஆனது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் பி பிளாக் மொட்டை மாடியில், பூந்தொட்டிகளுக்கு நடுவே, சங்கத்தின் அனுமதியோடு ஒரு சின்ன ரயில் பாதை இருக்கிறது. சுற்றளவு 14 மீட்டர். என் மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அங்கே வீட்டுத் தோட்டத்தில் ரயில் விடுவது பெரியவர்களின் பொழுதுபோக்கு. 1968இல் நியூரம்பர்க் நகரத்து லேமன் என்ற பொம்மை நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் ஒரு ரயிலைக் கொண்டுவந்தது. மழையிலும் வெயிலிலும் பனியிலும் வெளியே கிடக்கலாம் என்பதுதான் அதன் பெருமை. பித்தளைத் தண்டவாளம், வெயில் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர். மகன் ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் சூட்கேஸில் சாக்லேட்டுக்கு நடுவே நாலு துண்டு தண்டவாளம் கொண்டுவருவான். இப்படிச் சேர்ந்ததுதான் நம் பாதை.

அதில் நமக்கு ஒரு சொந்தம் உண்டு. அந்தத் தண்டவாளத்தின் அகலம் 45 மில்லிமீட்டர். ரயிலின் அளவு நிஜத்தில் 22.5இல் ஒரு பங்கு. பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். அதாவது மீட்டர் கேஜ். ஊட்டி ரயில் ஓடுகிற அதே கேஜ். 1931இல் தொடங்கி 2004 வரை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓடிய மின்சார ரயிலும் அதே கேஜ்தான். இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அதில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போனவர்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. என் அண்ணன் மயிலாடுதுறைப் பக்கம் சின்ன மீட்டர் கேஜ் ஸ்டேஷன்களில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு இங்கே என்னோடு வந்து தங்கினார். பலருக்கு அவரைத் தெரியும். காலையில் பால் வாங்க வரும்போது கேட் செக்யூரிட்டியிடம் டைம் கேட்டு, தன் வாட்சை சரிபார்த்துக்கொள்வார். எங்கள் ரயிலுக்கு ஒரு ஸ்டேஷன் இல்லையே என்று, தான் வேலை பார்த்த ஒரு ஸ்டேஷனை ஞாபகத்திலிருந்தே கட்டினார். பிளைவுட், ஐஸ் குச்சி, மெடிக்கல் ஷாப் அட்டைப்பெட்டி. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. பிளாட்பாரத்தின் ஓரத்தில் ஏழரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மை. கையை நீட்டி, கம்பியில் செய்த டோக்கன் வளையத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒற்றைப் பாதையில் அடுத்த ஸ்டேஷன் வரை போக டிரைவருக்குக் கொடுக்கும் அனுமதி அது. வண்டி நிற்காமல் போனால் ஓடும் எஞ்சினிலிருந்து டிரைவர் கையை நீட்டி வாங்கிக்கொள்வார்.

நான் செய்த தப்பு

2021இல் நான் கேமரா வாங்கினேன். கடையில் கேட்டபோது, "ஃபுல் பிரேம் வாங்குங்க சார், 50 எம்எம் லென்ஸ் போட்டா பின்னாடி எல்லாம் அப்படியே மங்கி அழகா வரும்" என்றார்கள். கல்யாணப் படங்களில் பெண்ணின் முகம் மட்டும் தெளிவாக இருந்து, பின்னால் இருக்கும் சீரியல் பல்பு எல்லாம் வட்ட வட்டமாகத் தெரியுமே, அது. கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. நான் எதைப் படம் எடுக்கப்போகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு இரண்டு வருஷத்தில் ஏறத்தாழ நானூறு படம் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் எஞ்சினின் புகைபோக்கி கத்தி மாதிரி தெளிவாக இருக்கும். அதற்கு ஒரு சாண் பின்னால் எல்லாம் குழம்பு. எனக்கு அது பெரிய போட்டோகிராபர் எடுத்த மாதிரி இருந்தது.

அண்ணன் அப்போது ஸ்டேஷனுக்கு ஏதாவது செய்துகொண்டே இருப்பார். கைகாட்டி மரம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க, எழுபத்துநாலு வயதில், கன்னத்தைத் தட்டோட்டில் வைத்துப் படுத்துக்கொள்வார். "இங்க வந்து பாருடா, இப்படிப் பார்த்தாத்தான் ஸ்டேஷன்" என்று கூப்பிடுவார். எனக்கு முழங்கால் வலி. "அப்புறம் பார்க்கிறேண்ணே" என்பேன்.

2023 மார்ச்சில் அண்ணன் போய்விட்டார். அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல். இரண்டு நாள் மாடிக்குப் போக முடியவில்லை. போய்ப் பார்த்தபோது தண்டவாளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டேஷன் ஊறி, பிளைவுட் பிரிந்து, கையில் எடுத்ததும் உதிர்ந்துவிட்டது.

பரவாயில்லை, நானூறு படம் இருக்கிறதே, பார்த்து மறுபடி கட்டிவிடலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். நானூறிலும் ஸ்டேஷன் இருக்கிறது. மேலிருந்து பார்த்த கூரையாக இருக்கிறது, இல்லையென்றால் எஞ்சினுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் திட்டாக இருக்கிறது. கதவு எத்தனை, ஜன்னலுக்கு எத்தனை கம்பி, டிக்கெட் கொடுக்கும் பொந்து எந்தப் பக்கம், ஒன்றும் தெரியவில்லை. அவர் எழுதிய ஊர்ப் பெயரைக்கூட ஒரு படத்திலும் படிக்க முடியவில்லை.

இதற்குப் பிறகுதான் கேமராவைப் பற்றி ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

ஏன் மங்குகிறது?

லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் முழுத் தெளிவாகக் காட்டும். அதற்கு முன்னும் பின்னும் கொஞ்ச தூரம் நம் கண்ணுக்குத் தெளிவாகவே படும். அந்த இடைவெளியைத் தெளிவின் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். நிஜ ரயிலை 20 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் ஆழம் பல மீட்டர். அதனால்தான் நிஜ ரயில் படத்தில் எஞ்சின், பெட்டி, ஸ்டேஷன், பின்னால் தென்னை மரம் எல்லாம் தெளிவாக இருக்கும். பொம்மை ரயிலை அரை மீட்டரில் எடுக்கும்போது ஆழம் சென்டிமீட்டர் கணக்குக்கு வந்துவிடும்.

என் கேமராவுக்கே கணக்குச் சொல்கிறேன். 50 எம்எம் லென்ஸ், 60 சென்டிமீட்டர் தூரம். லென்ஸை முழுதாகத் திறந்து எஃப் 1.8 வைத்தால் ஆழம் ஒன்றரை சென்டிமீட்டர். எஃப் 8 வைத்தால் 7 சென்டிமீட்டர். எஃப் 16இல் 14 சென்டிமீட்டர். நம் சின்ன எஞ்சினே கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். எஃப் 16இல்கூட முக்கால் பக்கமாகத் திரும்பி நிற்கும் எஞ்சின் முழுதும் தெளிவாக வராது.

இந்த எஃப் எண் குழப்பும். எண் பெரிதானால் லென்ஸின் ஓட்டை சிறிதாகும், ஆழம் கூடும். கண்ணாடி இல்லாமல் பஸ் நம்பர் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறோமே, அதே வேலைதான். சுருக்கினால் தெளிவு கூடும், வெளிச்சம் குறையும்.

மனித மூளை இன்னொரு வேலையும் செய்கிறது. முன்னும் பின்னும் மங்கியிருந்தால், "இது கிட்டே இருக்கிற சின்னப் பொருள்" என்று முடிவுகட்டிவிடும். உயரமான கட்டடத்திலிருந்து எடுத்த நிஜத் தெருப் படத்தில்கூட மேலும் கீழும் மங்கலாக்கிவிட்டால் கார்கள் எல்லாம் பொம்மை மாதிரி தெரியும். நான் லட்ச ரூபாய் செலவழித்து என் ரயிலை இன்னும் பொம்மையாக்கிக்கொண்டிருந்தேன்.

எந்தக் கேமரா?

இங்கேதான் போன் ஜெயிக்கிறது. போனுக்குள் இருக்கும் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. சென்சார் சின்னதானால் லென்ஸும் சின்னது, ஆழம் தானாகவே கூடும். சாதாரண போன் எஃப் 1.8 என்று சொல்லிக்கொண்டாலும், அதே காட்சிக்கு ஃபுல் பிரேம் கேமராவில் எஃப் 8 முதல் 12 வரை வைத்தால் கிடைக்கும் ஆழத்தைக் கொடுக்கும். கேமராவில் அவ்வளவு சுருக்கினால் வெளிச்சம் போதாமல் ஸ்டாண்டு வேண்டும். போனுக்கு வேண்டாம்.

விலை உயர்ந்த புதுப் போன்களில் சென்சாரைப் பெரிதாக்கிக்கொண்டே வருகிறார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அது நல்லது. நம் வேலைக்குப் பழைய போனே பல நேரம் மேல். பேரன் பேத்திக்கு விளையாடக் கொடுத்த போனைத் திரும்ப வாங்கிப் பாருங்கள்.

இன்னொரு நல்ல கேமராவும் உங்கள் வீட்டு அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கலாம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எல்லோரும் வாங்கிய, சட்டைப்பையில் போடும் டிஜிட்டல் கேமரா. அதிலும் சென்சார் சின்னது. பூ அடையாளம் போட்ட மேக்ரோ பொத்தானை அழுத்தினால் பலவற்றில் மிகக் கிட்டே போகலாம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் உள்ளே போடாதீர்கள், வேறு வாங்குங்கள்.

புதிதாக வாங்குபவர்கள் மெகாபிக்சலைக் கேட்காதீர்கள். மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, எவ்வளவு கிட்டே போனால் இன்னும் தெளிவாக இருக்கிறது? கடையிலேயே ஒரு விசிட்டிங் கார்டை வைத்து, ஸ்கேலால் அளந்து பாருங்கள். இரண்டு, லென்ஸைத் தரையிலிருந்து எவ்வளவு கீழே கொண்டுபோகலாம்? மூன்று, தரையில் வைத்த பிறகு நீங்கள் படுக்காமல் திரையைப் பார்க்க முடியுமா? மடக்கித் திருப்பும் திரை, அல்லது போனில் பார்க்கும் வசதி இருந்தால் முழங்கால் பிழைக்கும்.

ஹெல்மெட்டில் மாட்டும் ஆக்ஷன் கேமராவை ஒரு திறந்த வேகனில் கட்டி ஓட்டினால் டிரைவர் பார்க்கும் காட்சி வீடியோவாகக் கிடைக்கும். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு ஃபோகஸ் மாற்ற முடியாது. ஒரு அடிக்கும் கிட்டே வந்த பொருள் தெளிவாக வராது. பக்கத்துத் தொட்டிச் செடியை எதிர்பார்க்காதீர்கள்.

ஏற்கெனவே பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். எஃப் 11 அல்லது 16 வையுங்கள். 22க்குப் போனால் படம் முழுதுமே கொஞ்சம் சாஃப்டாகிவிடும். கிட்டே போகாமல் ஒரு மீட்டர் தள்ளி எடுத்து, பிறகு வேண்டிய இடத்தை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். அதே 50 எம்எம், எஃப் 16, ஒரு மீட்டர் என்றால் ஆழம் ஒரு அடியைத் தாண்டும். ஸ்டாண்டும் டைமரும் கட்டாயம்.

சி பிளாக் பாப்பா எடுத்த படம்

2024 பொங்கலுக்குச் சி பிளாக் இரண்டாம் மாடி அம்மா ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "அங்கிள், பழைய போனைக் கொடுக்கறதுக்கு முன்னாடி படமெல்லாம் அழிச்சிட்டிருந்தேன், இதைப் பாருங்க" என்று ஒரு படம் அனுப்பினார். 2022 கோடை லீவில் அவர் மகள் எடுத்தது. அப்போது அவளுக்கு ஏழு வயது. ஸ்கிரீன் உடைந்த போன். மாடியில் குப்புறப் படுத்துக்கொண்டு, போனைத் தலைகீழாகத் தரையில் ஊன்றி எடுத்திருக்கிறாள்.

அந்தப் படத்தில் ஸ்டேஷன் இருந்தது. கதவு மூன்று. ஜன்னலுக்கு ஐந்து கம்பி. டிக்கெட் பொந்து இடப்பக்கம். பலகையில் ஊர்ப் பெயர் தெளிவாக இருந்தது. பிளாட்பாரத்து ஓரத்தில் அந்த ஏழரை சென்டிமீட்டர் ஆள் டோக்கன் வளையத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். எஞ்சின் அவரைப் பார்த்து வருகிறது. பின்னால் துளசிச் செடி மரம் மாதிரி நிற்கிறது. நான் அன்று இரவு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் கூப்பிட்டுக் காட்ட நினைத்தது இதைத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்போது மாடியில் இருக்கும் ஸ்டேஷன் அந்த ஒரே படத்தைப் பார்த்து நான் கட்டியது. தண்டவாளத்தின் அகலம் 45 மில்லிமீட்டர் என்று தெரியும், ஆளின் உயரம் தெரியும். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு மற்ற அளவுகளைக் கணக்குப் போட்டேன். இந்த முறை பிளைவுட் இல்லை, பிவிசி ஷீட்.

எப்படி எடுப்பது?

உயரம்தான் முதல் பாடம். ஐந்தடி ஏழு அங்குல ஆள் நம் அளவில் ஏழரை சென்டிமீட்டர். அவர் கண் தரையிலிருந்து 7 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். உங்கள் லென்ஸும் அங்கேதான் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து நான் எடுத்தது, நிஜத்தில் ஒன்பது மாடி உயரத்திலிருந்து ஸ்டேஷனைப் பார்ப்பதற்குச் சமம்.

போனில் லென்ஸ் மேல் ஓரத்தில் இருக்கிறது. தலைகீழாகப் பிடித்தால் அது தரைக்குப் பக்கத்தில் வந்துவிடும். பிறகு வேண்டிய அளவு உயர்த்திக்கொள்ளலாம். நான் ஒரு சின்ன மஞ்சப்பையில் அரைக் கிலோ பாசிப்பருப்பு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். அதில் போனை அழுத்தி வைத்தால் அசையாது. ஸ்டாண்டு விலையில் நூறில் ஒரு பங்கு. பல போன்களில் ஒயர் வைத்த இயர்போனின் வால்யூம் பொத்தானை அழுத்தினால் படம் எடுக்கும். போனைத் தொடவே வேண்டாம்.

போர்ட்ரெய்ட் மோடை அணையுங்கள். அது பின்னணியைச் செயற்கையாக மங்கலாக்கும், நாம் படும் பாடெல்லாம் வீண். ஃபிளாஷும் வேண்டாம். பூஜை சாமானுக்கு டார்ச் அடித்த மாதிரி பித்தளை பளபளக்கும்.

மிகவும் கிட்டே போனால் எஞ்சினின் மூக்கு மட்டும் பெரிதாகிவிடும். கொஞ்சம் தள்ளி, இரண்டு மடங்கு லென்ஸில் எடுத்தால் அளவுகள் இயல்பாக வரும். ஆனால் கிட்டே போகும்போது சில போன்கள் நமக்குச் சொல்லாமலே வேறு லென்ஸுக்கு மாறிவிடும். ஒவ்வொரு லென்ஸாக விரலால் மறைத்துப் பாருங்கள். எது மறைந்தால் திரை இருட்டாகிறதோ, அதுதான் வேலை செய்கிறது.

எஞ்சின் கறுப்பு. போன் அதைப் பார்த்து, "ரொம்ப இருட்டு" என்று நினைத்துப் படத்தை வெளுப்பாக்கும், வானம் வெள்ளைத் தாளாகிவிடும். திரையில் எஞ்சினின் நடுப்பகுதியை விரலால் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். ஏன் நடுப்பகுதி? இவ்வளவு கிட்டே எடுக்கும்போது தெளிவின் ஆழம் முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாகப் பிரியும்.

வெளிச்சத்துக்குக் காலை ஆறரை முதல் எட்டரை வரை, மாலை நாலரைக்குப் பிறகு. அதிகாலையில் நம் கைப்பிடிச் சுவரின் நிழல் பாதை முழுதும் விழுந்திருக்கும். அந்த மென்மையான வெளிச்சம் ஸ்டேஷனுக்கு நல்லது. சூரியன் சுவரைத் தாண்டி வந்ததும் எஞ்சினின் சக்கரங்களில் வெயில் படும், அப்போது ரயிலை எடுங்கள். பத்து மணிக்கு மேல் எடுத்தே ஆக வேண்டுமென்றால் துணி காயப்போடும் கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி நிழல் செய்யுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் சக்கரங்களுக்குக் கீழே இருக்கும் இருட்டும் தெளியும். மே மாதம் வெயிலில் போனை வைத்துவிட்டுப் போகாதீர்கள், சூடாகிக் கேமரா நின்றுவிடும். ஏசி அறையிலிருந்து நேராக மாடிக்கு வந்தால் லென்ஸில் பனி படியும், கால் மணி நேரம் பொறுங்கள். ஒவ்வொரு முறையும் லென்ஸைப் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். சமையலறை விரல்ரேகை ஒன்று போதும் படத்தைக் கெடுக்க.

பின்னணியைப் பாருங்கள். கீழே குனிந்ததும் தண்ணீர்த் தொட்டியும் டிஷ் ஆன்டெனாவும் வானளாவ நிற்கும். போனை ஒரு சாண் நகர்த்தினால் ஒரு தொட்டிச் செடி அதை மறைத்துவிடும். இலை சின்னதாக இருக்கும் செடிதான் நம் ரயிலுக்கு மரம். துளசி நாற்று மரமாகும், அருகம்புல் கரும்புத் தோட்டமாகும். கற்பூரவல்லி இலை ஒன்று குடை அளவு தெரியும். எடுப்பதற்கு முன் பெயின்ட் பிரஷ்ஷால் பாதையைக் கூட்டுங்கள். ஒரு சென்டிமீட்டர் கட்டெறும்பு நம் அளவில் 22 சென்டிமீட்டர். ஸ்டேஷனில் பெருச்சாளி உலாவுகிற மாதிரி இருக்கும்.

ஓடும் ரயிலுக்கு ஒரு கணக்கு. நிஜத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் நம் அளவில் நொடிக்கு 37 சென்டிமீட்டர். நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் லென்ஸ் திறந்திருந்தால் அதற்குள் எஞ்சின் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும், படம் அழியும். இருநூற்றைம்பதில் ஒரு பங்கு வேண்டும். அதற்கு நல்ல வெயில் வேண்டும். இல்லையென்றால் வெட்கப்படாமல் ரயிலை நிறுத்தி எடுங்கள். படத்தில் நின்றதா ஓடியதா என்று யாருக்கும் தெரியாது. வீடியோவை ஸ்லோமோஷனில் பாதி வேகத்துக்காவது குறைத்துப் பாருங்கள். இணைப்புகளில் விழும் குலுக்கல் அடங்கி, எஞ்சினுக்குக் கனம் வந்துவிடும்.

ஒரு வேண்டுகோள்

போன பொதுக்குழுவில் மொட்டை மாடிக்கு நீர்க்கசிவு வேலை செய்ய முடிவானது உங்களுக்குத் தெரியும். மேல் மாடி வீடுகளில் சீலிங் ஒழுகுகிறது, வேலை அவசியம். நானும் கை தூக்கினேன். அதனால் அடுத்த மாதக் கடைசிக்குள் ரயில் பாதை முழுதையும் கழற்ற வேண்டும். வேலை முடிந்ததும் திரும்பப் போடலாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார், அவருக்கு நன்றி.

போன முறை மாதிரி நானூறு கூரைப் படங்களோடு நான் நிற்க விரும்பவில்லை. ஒவ்வொரு இணைப்பும், ஒவ்வொரு தொட்டியும் எங்கே இருந்தது என்று தெரிந்தால்தான் திரும்பப் போட முடியும். அதற்கு மேலிருந்து ஒரு வரிசைப் படம் வேண்டும். அந்த வேலைக்கு என் பெரிய கேமராவைப் பீரோவிலிருந்து எடுக்கப்போகிறேன். மற்றதெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டரின் கண் உயரத்தில் வேண்டும். அதற்கு எனக்கு ஆள் வேண்டும், குறிப்பாகத் தரையில் படுக்கத் தயங்காத ஆள்.

வருகிற மூன்று ஞாயிறும் காலை ஆறரைக்கு பி பிளாக் மொட்டை மாடியில் இருப்பேன். பழைய போன், அலமாரியில் கிடக்கும் கேமரா, எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். குழந்தைகளை அனுப்புங்கள், கைப்பிடிச் சுவர் பக்கம் போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். சி பிளாக் பாப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் பெரிய பெண், சொந்தமாக ஒரு மஞ்சப்பை தைத்து வைத்திருக்கிறாளாம்.

இது ரயிலுக்கு மட்டும் சொன்னதில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது கொலு வைப்பார்கள், மாடித்தோட்டம் போடுவார்கள், கோலம் போடுவார்கள். செய்தவர் எங்கே உட்கார்ந்து, எந்த உயரத்திலிருந்து அதைப் பார்க்கிறாரோ, அங்கிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள். அவர் கூப்பிடும்போதே போய்ப் பாருங்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

வரும்போது ஆளுக்கொரு பாய் கொண்டுவாருங்கள். காலையிலேயே தட்டோடு ஈரமாக இருக்கும். டீ என் பொறுப்பு.